90 லிட்டர் ஃப்ரீசரும் எட்டு மாத உருளைக்கிழங்கும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் வாங்கியது பெரிய பெயர் உள்ள பெட்டி இல்லை. 90 லிட்டர், நிற்கிற வகை, மூன்று இழுப்பறை, 279 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கிவைக்க இன்னொரு 25. எந்த பிராண்ட், எந்தக் கடை என்று எழுதப் போவதில்லை. கீழே இரண்டு மூன்று குறை சொல்லப் போகிறேன், அது எனக்கு வந்து சேர்ந்த ஒரே ஒரு பெட்டியின் கோளாறாகவும் இருக்கலாம். இந்த அளவில் கிடைக்கிற பெட்டிகள் எல்லாம் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கின்றன. அதனால் பெட்டியை விட அதற்குள் எதை வைத்தால் உருப்படும், எதை வைத்தால் குப்பைக்குப் போகும் என்பதைத்தான் அதிகம் எழுதியிருக்கிறேன்.

எங்கள் வீடு சிங்கப்பூரின் ஈசூனில் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு. மனைவி தாதி (நர்ஸ்), ஷிஃப்ட் வேலை. ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மதியம், நடுவில் இரவு. மூத்தவள் உயர்நிலை இரண்டு, சின்னவன் தொடக்கநிலை நான்கு, இரண்டு பேரும் பள்ளி முடிந்து வரும்போது பசி பசி என்று கதவைத் திறப்பார்கள். அம்மா எங்களோடுதான் இருக்கிறார், ஆனால் முழங்கால் வலி, அடுப்படியில் அதிக நேரம் நிற்க முடியாது. ஆக என்ன நடந்துகொண்டிருந்தது என்றால், வாரத்தில் இரண்டு நாள் கீழே காப்பிக்கடையில் கறி பஃப், வடை, ஏதாவது ஒன்று, ஆளுக்கு ஒன்று வாங்கினாலே ஆறேழு வெள்ளி போய்விடும். இன்னொரு பக்கம், மலிவாகக் கிடைக்கிறதே என்று ஐந்து கிலோ மூட்டையாக உருளைக்கிழங்கு வாங்குவேன், இந்த ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் பத்து நாளில் முளைவிட்டுவிடும், பாதி பச்சை பூத்துவிடும். பச்சை பூத்ததைச் சாப்பிடக் கூடாது என்று மனைவி தூக்கிப் போடுவாள், அம்மா அதை எடுத்து அந்த இடத்தை மட்டும் சீவிவிட்டு வைப்பார், ஒரு கிழங்குக்கு இரண்டு பேருக்கும் நடுவில் நான்.

ஃபிரிட்ஜில் வைக்கலாமே என்று கேட்பீர்கள். வைத்துப் பார்த்தாயிற்று. குளிரில் கிழங்கில் இருக்கிற மாவுச்சத்து கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக மாறும், அப்புறம் அதைப் பொரித்தால் உள்ளே வேகும் முன்பே வெளியே கருத்துவிடும், வாயில் வைத்தால் லேசாக இனிக்கும். பச்சைக் கிழங்கின் இடம் இருட்டான, காற்றோட்டமான மூலைதான். அந்த மூலை வீவக வீட்டில் எங்கே இருக்கிறது என்பது வேறு விஷயம்.

சரி, ஃப்ரீசர் வந்தது. முதல் மாதம் நான் செய்தது அத்தனையும் தப்பு.

ஞாயிற்றுக்கிழமை பெரிய சட்டி நிறைய உருளைக்கிழங்கு போட்டு மட்டன் குழம்பு வைத்தேன். தேக்கா சந்தையில் வாங்கிய மட்டன், குழம்பு அருமையாக வந்திருந்தது. பாதியை ஆறவைத்து, டப்பாவில் போட்டு, உறையவைத்து, இரண்டு வாரம் கழித்து எடுத்துச் சூடாக்கினேன். குழம்பு அப்படியே இருந்தது, மட்டனும் நன்றாகத்தான் இருந்தது. கிழங்கைக் கரண்டியால் லேசாக அழுத்தினேன், பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சைப் பிழிந்த மாதிரி நாலு பக்கமும் தண்ணீர் வந்தது. மிச்சம் இருந்தது ஓட்டை ஓட்டையாக, பல்லில் நறநறவென்று ஒரு பொருள். சின்னவன் ஒரு துண்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அப்பா, இது தவுஹூவா?" என்று கேட்டான், டோஃபுவைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டான். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. "வச்சு வச்சுத் தின்னா இப்படித்தான்டா" என்று சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை, தட்டில் கிழங்கை மட்டும் ஓரமாக ஒதுக்கி வைத்தார், அது இன்னும் மோசம்.

ஏன் இப்படி ஆகிறது என்று அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன். உருளைக்கிழங்கில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். உறையும்போது அந்தத் தண்ணீர் ஊசி ஊசியாகப் பனிக்கட்டியாகி உள்ளே இருக்கிற நுண்ணறைகளின் சுவரைக் கிழிக்கிறது. கூடவே, வெந்த மாவுச்சத்து குளிர்ந்தவுடன் மறுபடி இறுகி, உறிஞ்சி வைத்திருந்த தண்ணீரை வெளியே தள்ளுகிறது. பழைய சோறு ஃபிரிட்ஜில் விறைத்துப்போகிறதே, அதே கதை. உருகும்போது தண்ணீர் தனியாக, சக்கை தனியாக. தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலையில் இதையே ஒரு வித்தையாக வைத்திருக்கிறார்கள்: இரவுப் பனியில் கிழங்கைப் பரப்பி உறையவிட்டு, பகலில் உருகியதும் காலால் மிதித்துத் தண்ணீரை வெளியேற்றி, வெயிலில் காயவைத்து எடுத்தால் வருடக்கணக்கில் கெடாது, அதற்குச் சூன்யோ என்று பெயர். நான் ஈசூனில் உட்கார்ந்து மட்டன் குழம்புக்குள் சூன்யோ செய்திருக்கிறேன்.

அப்புறம் உருளைக்கிழங்கு ரோஸ்ட். சோம்பு, மிளகாய்த்தூள் எல்லாம் போட்டு மொறுமொறுவென்று வறுத்ததை உறையவைத்தேன், வெளியே எடுத்தால் மொறுமொறுப்பு போய்த் தோல் வேறு சதை வேறாக நின்றது. பச்சையாகத் துருவி வைத்தது இன்னும் கேவலம், மறுநாளே சாம்பல் நிறம், மூன்றாம் நாள் கருப்பு. காற்றுப் பட்டால் கருக்கிற நொதி கிழங்கிலேயே இருக்கிறது, அதைக் கொதிநீரில் போட்டுக் கொன்றால்தான் அடங்கும், வெறும் குளிருக்கு அடங்காது. பூரிக் கிழங்கு, கடலைமாவு கரைத்து விடுவோமே அது, திரிந்து நீர்த்துப்போனது.

இப்படி ஒரு மாதம் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் சமைத்து முடித்ததை எல்லாம் உறையவைத்துக்கொண்டிருந்தேன். முடிக்கக் கூடாது. கடைசி எண்ணெய், கடைசிச் சூடு, அதை மிச்சம் வைத்து நிறுத்திவிட வேண்டும். கட்லெட் என்றால் பிடித்து, ரொட்டித்தூள் புரட்டி, பொரிக்காமல் நிறுத்த வேண்டும். பராத்தா என்றால் கல்லில் இரண்டு பக்கமும் வெள்ளையாக வாட்டி எடுத்துவிட வேண்டும். கிழங்கு துண்டாக இருக்கக் கூடாது, மசிந்திருக்க வேண்டும், அதில் தண்ணீர் குறைவாகவும் நெய்யோ எண்ணெயோ கொஞ்சம் தாராளமாகவும் இருக்க வேண்டும். இது புரிந்த பிறகுதான் 279 வெள்ளிக்கு அர்த்தம் வந்தது.

கட்லெட்டைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் எழுத வேண்டும், எங்கள் பெட்டியில் பாதி இடம் அதற்குத்தான்.

மூன்று கிலோ கிழங்கு. ஈரச்சந்தையில் சீனா கிழங்கு, ஹாலந்து கிழங்கு, பங்களாதேஷ் கிழங்கு என்று வகை வகையாகக் குவித்திருப்பார்கள், பேரங்காடியில் அமெரிக்காவின் ரஸ்ஸட்டும் கிடைக்கும். நான் வாங்கிப் பார்த்தவரை சீனா கிழங்கு குழம்புக்கு நல்லது, உடையாது, ஆனால் மசித்தால் பசை மாதிரி இழுக்கும். கட்லெட்டுக்கு மாவு மாவாக உதிர்கிற கிழங்கு வேண்டும், ரஸ்ஸட் நன்றாக வருகிறது, விலைதான் கொஞ்சம் கூட. நான் பாதிக்குப் பாதி கலக்கிறேன். தோலோடு வேகவைக்க வேண்டும், வெட்டி வேகவைத்தால் தண்ணீர் குடித்துவிடும். உரித்து, சூட்டோடு மசித்து, அதற்குப் பிறகு செய்கிற ஒரு வேலையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்: மசித்ததை அகலமான வாணலியில் போட்டு, சின்னத் தீயில் ஐந்து நிமிடம் சும்மா கிளற வேண்டும். ஆவி குபுகுபுவென்று கிளம்பும், கிளம்பக் கிளம்ப மசியல் வாணலியின் பக்கத்தை விட்டு உருண்டு வரும். அந்த ஆவிதான் பின்னாடி பனிக்கட்டி ஆகியிருக்க வேண்டிய தண்ணீர். வெங்காயத்தையும் தனியாக நன்றாகச் சுருள வதக்கி ஆறவைத்துத்தான் சேர்ப்பேன், பச்சை வெங்காயம் போட்டால் உருகும்போது கட்லெட் வாய் பிளந்துகொள்ளும். இஞ்சி, பச்சை மிளகாய், கரம் மசாலா, கொத்தமல்லி எல்லாம் உங்கள் வீட்டுக் கணக்கு. உப்பு மட்டும் வழக்கத்தை விட ஒரு சிட்டிகை கூட, உறைந்து வந்தால் எனக்கு ஏனோ சப்பென்று தெரிகிறது.

பிடித்த கட்லெட்டை மைதாவும் சோளமாவும் கரைத்ததில் முக்கி, ரொட்டித்தூளில் புரட்டி, தட்டில் பட்டர் பேப்பர் விரித்து, ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் அடுக்கி, மேல் இழுப்பறையில் இரண்டு மூன்று மணி நேரம். கல் மாதிரி ஆன பிறகுதான் பையில் போட வேண்டும். நேராகப் பையில் போட்டால் பதினைந்தும் சேர்ந்து ஒரே பாறை, அதை உடைக்க ஒருநாள் நான் அம்மிக் குழவியைத் தேடியிருக்கிறேன். பை என்றால் ஜிப் வைத்த தடிமனான பை, வாயை ஓர் அங்குலம் மட்டும் திறந்துவைத்து, பையை ஒரு வாளித் தண்ணீரில் மெதுவாக இறக்கினால் தண்ணீரே காற்றை வெளியே தள்ளிவிடும், அப்படியே மூட வேண்டியதுதான். காற்றை உறிஞ்சி எடுக்கிற இயந்திரம் ஒன்று விற்கிறார்கள், எனக்கு அது இதுவரை தேவைப்படவில்லை.

பொரிக்கும்போது உருகவிடக் கூடாது. நேராக ஃப்ரீசரிலிருந்து எண்ணெய்க்கு. ஒரே நேரத்தில் நாலைந்துக்கு மேல் போட்டால் எண்ணெய் குளிர்ந்து, கட்லெட் எண்ணெயைக் குடித்து, உடைந்து, பாத்திரம் முழுக்க ரொட்டித்தூள் மிதக்கும். மிதமான தீ, இல்லாவிட்டால் வெளியே சிவந்திருக்கும், நடுவில் பல் கூசும். ஏர் ஃப்ரையரில் 180 டிகிரி, மேலே லேசாக எண்ணெய் தடவி 15 நிமிடம், ஒருமுறை திருப்பிவிட்டால் போதும். மகள் அவளாகவே செய்துகொள்கிறாள். பள்ளி முடிந்து வந்தவளுக்கு மூன்று கட்லெட், ஒரு குவளை மைலோ, யாரையும் எதிர்பார்ப்பதில்லை. எனக்கு இந்த ஃப்ரீசரில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான் என்று நினைக்கிறேன்.

பெர்கெடில் செய்யக் கற்றது எதிர்வீட்டு மக்சிக்கிடம் (மலாய்க்கார அம்மா). மீ சோத்தோ என்கிற நூடுல்ஸ் சூப்புக்குப் பக்கத்தில் வைத்துத் தருவார்களே, அந்த மலாய் உருளைக்கிழங்கு வடை. ஒரு சனிக்கிழமை கொஞ்சம் குவே (மலாய்ப் பலகாரம்) கொடுக்க வந்தவர், அடுப்பில் நான் கிழங்கு வேகவைப்பதைப் பார்த்து எதற்கு என்று கேட்டார். பெர்கெடில் என்றேன். "அலாமாக்! ஜாங்கான் ரெபுஸ், கோரெங்!" என்று கிட்டத்தட்ட அடுப்பையே அணைத்துவிட்டார். வேகவைக்காதே, பொரி என்கிறார். கிழங்கை வில்லை வில்லையாக வெட்டி எண்ணெயில் பொன்னிறமாகப் பொரித்து, அதை உரலில் இடித்து, பொரித்த சின்ன வெங்காயம், வெள்ளை மிளகு, நறுக்கிய செலரி இலை சேர்த்து உருட்ட வேண்டும், கடைசியில் அடித்த முட்டையில் முக்கிப் பொரிக்க வேண்டும். அவர் ருசிக்காகச் சொன்னது, எனக்கு ஃப்ரீசருக்கு உதவியது. பொரித்த கிழங்கில் தண்ணீர் ஏற்கெனவே எண்ணெயில் போய்விட்டதே. முட்டையில் முக்காமல் உருட்டி உறையவைத்து, வேண்டும்போது எடுத்து, இதை மட்டும் ஒரு கால் மணி நேரம் ஃபிரிட்ஜில் விட்டு, முட்டையில் முக்கிப் பொரித்தால் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. மக்சிக்குக்கே ஆறு கொடுத்தனுப்பினேன். ஃப்ரீசரில் இருந்தது என்று சொல்லவில்லை. மறுநாள் டப்பா திரும்பி வந்தது, உள்ளே வாழைப்பழப் பலகாரம். எங்கள் மாடியில் யாரும் காலி டப்பாவைத் திருப்பிக் கொடுப்பதில்லை.

கறி பஃபில் அம்மா வந்து சேர்ந்தார். மூன்று மாதம் அந்தப் பெட்டி இருந்த பக்கமே திரும்பாதவர், நான் மாவை அரைவட்டமாக மடித்து முட்கரண்டியால் ஓரத்தை அழுத்துவதைப் பார்க்கச் சகிக்காமல், "தள்ளு தம்பி, சோமாசி ஓரம்கூட மடிக்கத் தெரியல உனக்கு" என்று உட்கார்ந்துவிட்டார். பெருவிரலால் மடிப்பு, ஒரு கிள்ளு, அடுத்த மடிப்பு. கயிறு முறுக்கின மாதிரி விளிம்பு, ஒன்றுகூடப் பொரிக்கும்போது திறக்கவில்லை. உள்ளே வைக்கிற கிழங்கைச் சின்னச் சின்னச் சதுரமாக, சுண்டுவிரல் நகம் அளவுக்கு வெட்டித் தண்ணீர் விடாமல் எண்ணெயிலேயே வதக்கினால் அந்த நறநறப்பு வருவதில்லை, பெரிதாக வெட்டினால் வருகிறது. பொரிக்காமல் உறையவைத்து, அப்படியே எடுத்துக் குறைந்த தீயில் பொரிக்கலாம்.

மசால் தோசை மசாலா பரவாயில்லை ரகம். தண்ணீர் குறைத்துச் செய்து, பையில் போட்டுத் தட்டையாக அழுத்தி, புத்தகம் மாதிரி அடுக்கிவைக்கலாம், கால் மணியில் உருகும். ஒரு கரண்டி வெந்நீர் தெளித்து வாணலியில் புரட்டினால் புதிதில் முக்கால் பங்கு ருசி இருக்கும். காலை ஆறு மணிக்குப் பள்ளிக்குக் கிளம்புகிற வீட்டில் முக்கால் பங்கு எனக்குப் போதும். ஆனால் பொட்டலத்தில் பெயர் எழுதுங்கள். ஒருநாள் அம்மா மசாலா என்று நினைத்து மட்டன் கீமா போட்ட கறி பஃப் பூரணத்தைத் தோசைக்குள் வைத்துவிட்டார், அன்றைக்குச் சஷ்டி. அதற்கப்புறம் எல்லாப் பொட்டலத்திலும் ஒட்டுத்தாள், அம்மாவின் கையெழுத்தில், "உ.கி. மசால், சைவம், 12/5".

உருளைக்கிழங்கு பராத்தாதான் பிள்ளைகளின் முதல் பரிசு. வாட்டி, ஆறவைத்து, நடுவில் தாள் வைத்து அடுக்கினால் மூன்று வாரமானாலும் கல்லில் போட்ட இரண்டு நிமிடத்தில் உப்புகிறது. இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை, செய்து பாருங்கள்.

ஃபிரெஞ்ச் ஃபிரைஸ் மட்டும் வீட்டில் செய்து உறையவைக்காதீர்கள். நான் செய்தேன். வெட்டி, ஊறவைத்து, வினிகர் விட்ட கொதிநீரில் போட்டெடுத்து, துணியில் ஒற்றி, பாதி பொரித்து, உறையவைத்து, ஒரு ஞாயிறு மதியமே போய்விட்டது. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் சிம்ப்ளாட் நிறுவனம் 1940களிலேயே கண்டுபிடித்துக் கோடிக்கணக்கில் விற்ற சமாச்சாரம் அது. அவர்களும் பாதி பொரித்துத்தான் உறையவைக்கிறார்கள், ஆனால் சில நிமிடங்களில் கல்லாக்கிவிடுகிற இயந்திரம் அவர்களிடம் இருக்கிறது, வேகமாக உறைந்தால் பனி ஊசி சின்னதாக இருக்கும், கிழங்கு கிழியாது. என் பெட்டி அதைச் செய்ய ஒரு இரவு எடுத்துக்கொள்கிறது. பேரங்காடியில் ஒரு பை வாங்கிப் போடுங்கள், மலிவு, என்னுடையதை விட நன்றாகவும் இருக்கிறது.

இப்போது பெட்டிக்கு வருகிறேன். நல்லது முதலில். இழுப்பறைகளின் முன்பக்கம் கண்ணாடி மாதிரி தெரிகிற பிளாஸ்டிக், எது எங்கே என்று குனிந்து கிளற வேண்டியதில்லை. மேலே திறக்கிற பெட்டி வகையை வாங்கிய நண்பர் அடியில் போன வருடத்து மீனைக் கண்டெடுத்த கதையைக் கேட்டபிறகு நிற்கிற வகைதான் வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன், அதில் வருத்தமில்லை. மின்சாரம் பயந்த அளவுக்கு இல்லை. பிளக்கில் மாட்டுகிற ஓர் அளவுமானி வாங்கி ஒரு மாதம் பார்த்தேன், நாளைக்குச் சுமார் 0.6 யூனிட், மாதம் 18 யூனிட், யூனிட் 30 காசு என்று வைத்தால் 5 வெள்ளி 40 காசு. துணி காயப்போடுகிற இடத்தில், பின்பக்கம் ஒரு கை இடைவெளி விட்டு வைத்திருக்கிறேன். உறுமல் சத்தம் உண்டு, கதவைச் சாத்தினால் கேட்காது.

குறை என்றால், கதவின் கீழ் மூலையில் ரப்பர் விளிம்பு சரியாகப் படியவில்லை. இரண்டாம் வாரமே கீழே ஐஸ் மலை வளர ஆரம்பித்தது. உள்ளே ஒரு வெப்பமானி போட்டுப் பார்த்தால் மேல் தட்டு மைனஸ் 11, இருக்க வேண்டியது மைனஸ் 18. விற்ற கடைக்கு அழைத்தேன், நாளை வருவார் நாளை வருவார் என்று ஒன்பது நாள். வந்தவர், பாவம் நல்ல மனிதர், மனைவியின் முடி உலர்த்தியைக் கேட்டு வாங்கி, அந்த மூலையைச் சூடாக்கி, ரப்பரை இழுத்துப் படியவைத்து, ஐந்து நிமிடத்தில் போய்விட்டார். இதைத் தொலைபேசியில் சொல்லியிருந்தால் நானே செய்திருப்பேன். உங்களுக்கும் இப்படி இருந்தால் ஒரு தாளைக் கதவில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், சுலபமாக வந்தால் ரப்பர் படியவில்லை.

ஐஸை நாமேதான் உருக்க வேண்டும், இந்த விலைக்கு அது அப்படித்தான். ஆனால் நம் ஊர் ஈரக் காற்றில், பிள்ளைகள் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு என்ன சாப்பிடலாம் என்று யோசிக்கிற வீட்டில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டியிருக்கிறது. அரை நாள் வேலை. சாமான்கள் அந்த நேரத்துக்கு மக்சிக் வீட்டு ஃப்ரீசருக்குப் போகும். இன்னொன்று, ஒருமுறை மூடிவிட்டு உடனே திறக்கப் பார்த்தால் கதவு வராது, உள்ளே காற்று சுருங்கி உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், அம்மா இரண்டு கையால் இழுத்து விழப் பார்த்தார். ஒரு நிமிடம் விட்டுத் திறங்கள்.

ஜூன் விடுமுறையில் மலேசியாவின் ஈப்போவுக்கு மூன்று நாள் போய்த் திரும்பினால் வீட்டில் மின்சாரம் தட்டிப்போயிருந்தது, எப்போது தட்டியது என்று தெரியாது. ஐம்பது கட்லெட், இருபது பஃப், எல்லாம் குப்பைக்கு. உருகி எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாததை மறுபடி உறையவைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்க மனம் வரவில்லை, தாதி வீட்டில் விடவும் மாட்டார்கள். இப்போது வெளியூர் போனால் ஒரு குவளையில் ஐஸ் உறையவைத்து மேலே இருபது காசு நாணயத்தை வைத்துவிட்டுப் போகிறேன். திரும்பி வரும்போது காசு மேலேயே இருந்தால் சரி, அடியில் போய் உறைந்திருந்தால் நடுவில் உருகியிருக்கிறது என்று அர்த்தம். அதே மாதிரி, செய்ததை மேசையில் மணிக்கணக்கில் ஆறவிடாதீர்கள். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் கிருமி வளரும் என்று சிங்கப்பூர் உணவு அமைப்பு சொல்கிறது, நம் சமையலறை எப்போதும் 30. தட்டில் பரப்பி, விசிறிக்கு அடியில் வைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே தள்ளிவிட வேண்டும்.

காசுக் கணக்கு. மூன்று கிலோ கிழங்கு 7 வெள்ளி 20, மற்ற சாமான் எல்லாம் சேர்த்து 7 வெள்ளி 80, ஆக 15 வெள்ளிக்கு அறுபது கட்லெட், ஒன்று 25 காசு. வெளியே அந்த மாதிரி ஒன்று எனக்குச் சராசரி 1 வெள்ளி 60 ஆகிக்கொண்டிருந்தது. நாலு பேர், வாரம் இரண்டு முறை என்றால் வாரத்துக்குப் பத்து வெள்ளி 80 மிச்சம், மின்சாரத்தைக் கழித்தால் ஒன்பதரை. போட்ட 304 வெள்ளி திரும்ப ஏறக்குறைய 32 வாரம், அதாவது போன மாதம்தான் திரும்பியது. இதில் என் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரத்துக்கு நான் காசு போடவில்லை, குப்பைக்குப் போன எழுபது உருப்படியையும் சேர்க்கவில்லை. தவிர, பெட்டியில் இருக்கிறது என்பதாலேயே நாங்கள் முன்பை விட அதிகம் கட்லெட் தின்கிறோம், மனைவி இதைச் சேமிப்பு என்று ஒத்துக்கொள்வதில்லை. "என்னங்க, வாரம் ரெண்டு தடவ பொரிச்சது தின்னுட்டு இருந்தோம், இப்ப நாலு தடவ" என்கிறாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நேரக் கணக்கில்தான் எனக்கு லாபம், வேலை நாளில் அடுப்படியில் நின்ற ஒரு மணி இப்போது பதினைந்து நிமிடம்.

இரண்டு பேர் மட்டும் இருக்கிற வீட்டுக்கு இது வேண்டாம், ஃபிரிட்ஜின் மேல்தட்டே போதும். வாரக் கடைசியில் மூன்று மணி நேரம் ஒதுக்க முடியாதவர்களுக்கும் வேண்டாம், மீன் வைக்கிற பெட்டியாகிவிடும். பிள்ளைகள் இருந்து, வேலை நேரம் தாறுமாறாக இருந்தால் வாங்கலாம். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன், அந்த ஒன்றரை ரப்பருக்கும் ஒன்பது நாளுக்கும்.

தீபாவளிக்கு மூன்று ஞாயிறு சேர்ந்து 120 கட்லெட், 60 பஃப் செய்துவைத்தோம். அன்றைக்கு வந்தவர்கள் வர வர எண்ணெயிலிருந்து சுடச்சுட எடுத்துக் கொடுத்தோம், மாலையில் மிச்சம் நாலு. இழுப்பறைகள் காலியானதைப் பார்த்து அம்மா நடு இழுப்பறையை எடுத்துக்கொண்டார். துருவிய தேங்காய், ஆய்ந்த முருங்கைக்கீரை, ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்த நெத்திலிக் கருவாடு. கருவாட்டுக்கு மூன்று பை சுற்றியிருக்கிறது, ஆனாலும் நேற்று பராத்தாவில் லேசாக வாசம் வந்தது என்று மகள் சொல்கிறாள். அம்மாவிடம் யார் சொல்வது என்று நானும் மனைவியும் இன்னும் பேசி முடிக்கவில்லை.